யதுகுல காம்போஜியும் எலக்ட்ரிக் கிடாரும்

"நல்லாத்தானே ராக் வாசிச்சுக்கிட்டிருந்தான், இப்ப எதுக்கு இந்த வேண்டாத வேலை?" மனசுக்குப் பிடிச்ச கலைஞர் கொஞ்சம் பாதை மாறினா, ரசிக சிகாமணிகள் கேக்கற முதல் கேள்வி இதுதான். பாப் டிலன் 1965-ல எலக்ட்ரிக் கிடாரைத் தூக்கினப்ப நியூபோர்ட்ல கூச்சல் போட்டாங்க. 1969-ல அதே மனுஷன் 'நாஷ்வில் ஸ்கைலைன்'னு கண்ட்ரி ஆல்பம் போட்டு, ஜானி கேஷோட சேர்ந்தும் பாடினார். ரசிகனுக்காகக் காத்திருந்தா ரெண்டுமே நடந்திருக்காது.

நம்ம பக்கத்துல கிடார் பிரசன்னா இருக்கார். சென்னை ஐஐடியில கப்பல் கட்டுமானம் படிச்சவர். (எஞ்சினியர்னா சும்மாவா! :-)) ராக் வாசிச்ச கையோட திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் ஏ.கன்யாகுமரி ரெண்டு பேர்கிட்டயும் முறையா கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டார். 2006-ல ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையா 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பம் போட்டார். இந்தப் பக்கம் "கிடார்ல கமகமா?"ன்னு முகம் சுளிக்கறவங்க, அந்தப் பக்கம் "ராக்ல எதுக்குய்யா ராகம்?"னு கேக்கறவங்க. ரெண்டு கூட்டமும் எப்பவும் உண்டு.

இவங்களை எல்லாம் எங்க ஊருக்குக் கூட்டிட்டு வரணும். திருநள்ளாறுன்னா சனீஸ்வரன். அந்த சனிபகவான் மேல யதுகுல காம்போஜியில கீர்த்தனை பண்ணினவர் பக்கத்துத் திருவாரூர்ல பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835). அதே தீட்சிதர்தான் வெள்ளைக்காரன் பேண்டு வாசிச்ச மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு பேரு, சுமார் 40 இருக்கு. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தற மெட்டு கூட அதுல ஒண்ணு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகளும் உண்டு. அமெரிக்காவுக்குக் குடியேறினவங்களோட கப்பலேறிப் போய் பின்னாடி கண்ட்ரி இசைக்கு வேரா அமைஞ்சதும் இந்த வகை மெட்டுகள்தான். ஆக, கண்ட்ரிக்கு நாம ஒருவகையில தூரத்துச் சொந்தம்!

அதுக்காக ஃப்யூஷன்னு வர்றதெல்லாம் அமிர்தம்னு சொல்ல வரலை. கீர்த்தனைக்கு அடியில கீபோர்டு பீட்டைப் போட்டு ஒப்பேத்தற கச்சேரிகளைக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. கேக்க வேண்டிய கேள்வி வேற. "ஏன் மாறினே?" இல்லை, "போன இடத்துல உக்காந்து கத்துக்கிட்டியா?" பிரசன்னா கத்துக்கிட்டார். தீட்சிதர் அந்த மெட்டுகளைச் சங்கராபரணத்துக்குள்ள அழகா உக்கார வெச்சார்.

நமக்குப் பிடிச்சதையே திரும்பத் திரும்பக் கேட்டு அடம்பிடிச்சா, கலைஞனும் அதையேதான் அரைச்சுக் குடுப்பான். அப்புறம் "முன்ன மாதிரி இல்லையே"ன்னு புலம்பறதும் நாமதான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?