ஒரு ராத்திரிக்குக் குழாய் கைமாறினால்... 'டேப் டேக்ஓவர்' கொண்டாட்டத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

டாஸ்மாக் கவுன்டரில் பீர் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "கூலிங் இருக்கா?" யார் தயாரித்தது, எப்போது தயாரித்தது என்பதெல்லாம் அங்கே பேச்சிலேயே வராது. அதே ஆள் வேலை கிடைத்து பெங்களூரு போய், இந்திரா நகரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் உட்கார்ந்து "ஒரு பீர்" என்று சொன்னால், "எது சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கோதுமை பீரா, கசப்பான ஐபிஏவா, காபி வாசம் வரும் ஸ்டவுட்டா? முதல் தடவை கொஞ்சம் முழிக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆன்சைட் வேலைக்கு அமெரிக்காவோ பிரிட்டனோ போனவர்களுக்கு அடுத்த கட்டம் காத்திருக்கிறது. பப் வாசலில் ஒரு கரும்பலகை. 'இன்று மாலை டேப் டேக்ஓவர்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். உள்ளே நல்ல கூட்டம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்களும் இப்போது இதற்குப் போகிறார்கள், ஸ்டோரி போடுகிறார்கள். போவதில் தப்பில்லை. ஆனால் அந்த ராத்திரி எதற்காக நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் ருசி கூடும்.

அது என்ன டேப் டேக்ஓவர்?

ஒரு பப்பில் பத்து, இருபது பீர் குழாய்கள் இருக்கும். சாதாரண நாளில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கம்பெனி பீர். டேப் டேக்ஓவர் அன்று எல்லாக் குழாயும், அல்லது பெரும்பாலானவை, ஒரே ப்ரூவரிக்குப் போய்விடும். கெக் எனப்படும் பெரிய உலோகப் பீப்பாய்களில் அவர்கள் சரக்கு வந்து இறங்கும். வழக்கமாக விற்கும் இரண்டு மூன்று வகைகளோடு, ஒரே ஒரு முறை காய்ச்சியது, விஸ்கி பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறியது என்று வெளியே கிடைக்காததும் இருக்கும். பல இடங்களில் காய்ச்சியவரே கவுன்டர் பக்கம் நின்று பேசுவார்.

பீர் திருவிழா வேறு. பிரிட்டனில் 1977-லும், அமெரிக்காவின் கொலராடோவில் 1982-லும் தொடங்கிய பெரிய விழாக்களில் நூற்றுக்கணக்கான வகைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். டிக்கெட் எடுத்து, கையில் சின்ன கிளாஸோடு சுற்ற வேண்டும். பத்துப் பேர் மாறி மாறிப் பாடும் மேடை அது. டேப் டேக்ஓவர் என்பது ஒரே வித்வானின் முழுக் கச்சேரி. அவருடைய பலமும் தெரியும், தடுமாற்றமும் தெரியும்.

குழாய் யாருடையது?

இதை ஏன் 'டேக்ஓவர்' என்கிறார்கள்? சாதாரணமாகக் குழாய் சின்ன ஆட்கள் கைக்கு வராது என்பதால்தான்.

பிரிட்டனில் நெடுங்காலமாக ஏராளமான பப்கள் பெரிய பீர் கம்பெனிகளுக்கே சொந்தம். குத்தகைக்கு எடுத்து நடத்துபவர், அந்தக் கம்பெனி கொடுக்கும் பீரைத்தான் விற்க வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே ருசி என்று ஆகிக்கொண்டிருந்தபோது, 1971-ல் குடிப்பவர்களே சேர்ந்து 'கேம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1989-ல் அரசு ஓர் உத்தரவு போட்டது. நிறைய பப்களை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள், தங்கள் குத்தகைதாரர்கள் வெளியாள் பீர் ஒன்றையாவது விற்க அனுமதிக்க வேண்டும். ஒரே ஒரு குழாய்க்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு போனபின், தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் விதி வகுத்தன. காசு கொடுத்துக் குழாயைப் பிடிப்பதும் அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அப்படியும் 1970-களின் கடைசியில் நூறு ப்ரூவரிகள்கூட இல்லை. 1978-ல் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதித்தது. அடுப்படியில் பழகியவர்களில் பலர் பிறகு தொழிலில் இறங்கினார்கள். இன்று அங்கே 9,000-க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள்.

அத்தனை பேரும் மோதுவது அதே குழாய்களுக்குத்தான். சின்ன ப்ரூவரிக்கு ஒரு ராத்திரி கூட்டம் பெரிய லாபமில்லை. விழா முடிந்த மறுநாள் அந்த இருபதில் ஒரு குழாயாவது தன்னிடமே தங்குமா என்பதுதான் அதன் கவலை.

பேர் சின்னது, முதலாளி பெரியவர்

இங்கேதான் ஒரு சூட்சுமம். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஒரு காலத்தில் சின்ன ப்ரூவரிகளின் பெருமை. 2011-ல் உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ் அதை வாங்கியது. பெயரும் லேபிளும் மாறவில்லை. இப்படிக் கைமாறிய பிராண்டுகள் நிறைய. அவர்கள் டேப் டேக்ஓவர் நடத்தினாலும் கரும்பலகை அதேபோலத்தான் இருக்கும்.

பீர் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ருசிக்குப் போதும். ஆனால் 'சின்னவரை ஆதரிக்கிறோம்' என்ற நினைப்பில் இரண்டு மடங்கு காசு கொடுப்பவருக்கு, அந்தக் காசு யாரிடம் போகிறது என்று தெரிய வேண்டாமா? போனில் ஒரு தேடல் போதும்.

பெங்களூரில் ஏன் இது அபூர்வம்?

இத்தனை ப்ரூவரிகள் உள்ள ஊரில் இது தினமும் நடக்க வேண்டுமே? காரணம் உரிம விதி. கர்நாடகத்தில் மைக்ரோப்ரூவரி காய்ச்சும் பீர், பொதுவாக அந்த வளாகத்துக்குள்ளேயே விற்றுத் தீர வேண்டும். பக்கத்துத் தெரு பப்புக்குக்கூட கெக் போக முடியாது. அதனால் ஒவ்வொரு கடையும் தன் குழாயைத் தானே வைத்துக்கொள்ளும் தனித்தீவு. கட்டடம், சமையலறை, ஆட்கள் உட்காரும் இடம் எல்லாம் இருந்தால்தான் பீரே காய்ச்ச முடியும். கைத்திறன் மட்டும் இருப்பவருக்கு வாசல் கிடையாது. மகாராஷ்டிராவில் நிலைமை வேறு. மும்பை பார்களில் வெவ்வேறு சிறு ப்ரூவரிகளின் கெக் பீர் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் ஓடும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். இங்கே குழாய் யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. தேர்வு என்பது இல்லாத இடத்தில் மிஞ்சுவது 'கிக்' மட்டும்தான்.

நாலு சின்ன கிளாஸ், ஒரு பெரிய கணக்கு

'கிராஃப்ட்' என்பதற்காக ஆல்கஹால் நல்ல பிள்ளையாகிவிடாது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதையும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதையும் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. டேப் டேக்ஓவரில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. கிளாஸ் சின்னது, சரக்கு கனமானது. 120 மி.லி. கிளாஸில் 10 சதவீத ஸ்டவுட்டை நாலு முறை வாங்கினால் உள்ளே போகும் ஆல்கஹால் 48 மி.லி. நம்மூர் 650 மி.லி. பாட்டிலில் 7 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 45.5 மி.லி. 'சும்மா டேஸ்ட்தான் பார்த்தேன்' என்பவர் ஒரு முழு பாட்டிலைத் தாண்டிவிட்டார்.

எனவே லேசானதில் தொடங்கி கனமானதில் முடிப்பதும், நடுநடுவே தண்ணீர் குடிப்பதும், வெறும் வயிற்றோடு போகாமல் இருப்பதும் அவசியம். மூன்று வகையோடு எழுந்து வருபவருக்குத்தான் மறுநாள் எந்த பீர் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். பீர் வரும் பைப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் வழக்கம். "கடைசியா எப்போ கிளீன் பண்ணீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வண்டிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மறுநாள் காலை அந்தப் பப்பில் கரும்பலகையைத் துடைத்துவிடுவார்கள். காலி கெக்குகள் வண்டி ஏறும், பழைய கம்பெனிகள் குழாய்க்குத் திரும்பும். விழா நாளில் எல்லாரும் ஆதரவாளர்கள்தான். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே கவுன்டரில் போய், "அன்னைக்கு வச்சிருந்தீங்களே அந்த பீர், அது இருக்கா?" என்று யாராவது கேட்டால்தான் அந்தச் சின்ன ப்ரூவரிக்கு ஒரு குழாய் நிரந்தரமாகும். "கூலிங் இருக்கா?" என்ற கேள்வியிலிருந்து அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தவர்தான் உண்மையில் அந்த ராத்திரியை அனுபவித்தவர்.