ஒத்தை ஆள் மனு அலமாரிக்குப் போகும், சங்கத்து மனு மேசைக்கு வரும்!



ராத்திரி ரெண்டு மணிக்குப் பரண் மேல உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டிப் பழக்கப்பட்டவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. தாளவாடியில மக்காச்சோளம், தேன்கனிக்கோட்டையில ராகி, கடையநல்லூர்ப் பக்கம் நெல்லும் வாழையும், ஆனைமலை அடிவாரத்துல நிலக்கடலை. பயிர்தான் வேற வேற, கதை ஒண்ணுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினா நாலு மாசப் பாடு காலையில மண்ணோட மண்ணா கிடக்கும்.

இதுல பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் கேட்டு மனு கொடுத்தவங்க உண்டு. அப்பா காலத்து உரிமத்தைப் புதுப்பிக்க அலையறவங்களும் உண்டு. அவங்க எல்லாருக்கும் நாம சொல்ல வருவது ஒண்ணே ஒண்ணு: தனியா அலையாதீங்க. சங்கமா சேருங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1878-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் கையில் ஆயுதமே இருக்கக் கூடாது என்ற நினைப்பில் பிறந்தது. அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஓர் அம்சமாக இடம்பெற்றது. விடுதலைக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழாய் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. மறுப்பதற்கான காரணங்களை 14-வது பிரிவு வரையறுக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ரெண்டு ஏக்கர்க்காரனுக்கும் இருபது ஏக்கர்க்காரனுக்கும் சட்டம் ஒண்ணுதான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 18-வது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு. அப்புறம் ஏன் ஃபைல் நகர மாட்டேங்குது?

ஏன்னா மனு கொடுக்கிறவர் ஒத்தை ஆள். கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ், காவல் நிலையம், வனத்துறை, கலெக்டர் ஆபீஸ்னு ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாள் கூலியை இழந்து நிற்கிறார். "அடுத்த வாரம் வாங்க" என்பதற்கு மேல் பதில் வராது. எழுத்தில் காரணம் கொடுங்கன்னு கேட்க அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தனியா நின்னு கேட்கத் துணிச்சல் வராது. அதே மனுவை ஐம்பது பேர் ஒரே நாளில், ஒரே வடிவத்தில், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால்? அது கூட்டக் குறிப்பில் ஏறும். அடுத்த மாசக் கூட்டத்தில் "போன மாசம் கொடுத்தது என்னாச்சு?" என்று கேட்க ஐம்பது வாய் இருக்கும்.

இது புதுக் கதை இல்லைங்க. 1970-களில் கோவை வட்டாரத்தில் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூர் மண்ணில் உயிரே கொடுத்தார்கள். 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று வந்ததற்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் இருபது வருசப் போராட்டம் இருக்கு. இன்னைக்கு மோட்டார் சுவிட்சைப் போடுற ஒவ்வொரு கையும் அந்தச் சங்கத்துக்குக் கடன்பட்ட கைதான்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்க. கேரளத்தில் விவசாயிகள் சிலர் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூலையில், வழக்குத் தொடுத்தவர்கள் தங்கள் நிலத்தில் புகும் காட்டுப்பன்றியைக் கொல்ல அனுமதி கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையில் கொடுத்தது கேரள அரசு. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலிட்டு அந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். கர்நாடகத்தின் குடகில், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இருக்கும் உரிம விலக்கை 2029 வரை நீட்டித்து 2019-ல் மத்திய அரசு அறிவித்தது. அதை எதிர்த்து வழக்கு வந்தபோதும் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விலக்கு நிலைத்தது. ரெண்டு இடத்திலும் ஊர் ஒண்ணா நின்னது, வேலை நடந்தது.

நம்ம ஊரில்? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். பல வருசமா விவசாய சங்கங்கள் கத்தினதால்தான் இதாவது வந்தது, அதை வரவேற்கிறோம். ஆனா காட்டோரம் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவன்தான் அதிகமா அடி வாங்குறான். அவனுக்கு என்ன பதில்? அதைக் கேட்கவும் சங்கம்தான் வேணும்.

தேர்தல் வந்தால் இன்னொரு தொல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மார்ச் 16-ல் நடத்தை விதி வந்தது, ஜூன் 4-ல் முடிவு வந்தது. 80 நாள்! தேர்தல் அறிவிச்சதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைச்சுட்டு வயலுக்கு வெறுங்கையோட போன விவசாயி எத்தனை பேர்? மாவட்ட அளவிலான குழு ஒவ்வொரு உரிமமாகப் பரிசீலித்து, தேவைப்படுபவர்களிடம் மட்டும் வாங்க வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். குற்ற வழக்கு உள்ளவரையும் எழுபது வயசு விவசாயியையும் ஒரே தராசில் நிறுத்தாதீங்கன்னு அந்தக் குழுவிடம் முன்கூட்டியே மனு கொடுக்க ஒரு அமைப்பு வேண்டாமா?

"அப்போ அமெரிக்கா மாதிரி ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்கச் சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அங்கே ஆயுதம் அரசியலமைப்பு கொடுத்த உரிமை. நாம கேட்பது, 1959 சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை ஒழுங்கா நடைமுறைப்படுத்துங்க என்பது மட்டும்தான். பள்ளியிலும் கடைவீதியிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நாடு நமக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணையும் ஒளிவுமறைவில்லாம சொல்லிடறோம். உரிமம் கையில் இருக்கு என்பதாலேயே காட்டு விலங்கைச் சுட்டுவிட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவரை துப்பாக்கி சத்தம் போட்டு விரட்டத்தான். இதைத் தன் உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுக்காத சங்கம் சங்கமே இல்லை.

சட்டப்படியான வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே கள்ள மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. தாய் செத்த இடத்தில் குட்டிகள் சுத்திச் சுத்தி வந்ததை நாடே பார்த்தது. அவுட்டுக்காய் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் சாகும் யானைகள் எத்தனை! வேலி போட்டவன் வீட்டு ஆளே இருட்டில் மிதித்துச் செத்த கதையும் நம்ம ஊர்களில் உண்டு. கள்ளத் துப்பாக்கியோடு பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ரெண்டு வருசம் சிறை. பயிரைக் காப்பாத்தப் போனவன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தக் கூடாது. அவனைச் சட்டத்தின் பக்கம் கைப்பிடித்து அழைத்து வரும் வேலையை ஒரு நல்ல சங்கம்தான் செய்யும்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது இதுதான்:

✅ உங்க ஊர் விவசாய சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்க. சங்கம் இல்லாத ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஆரம்பிங்க.

✅ உரிமம் உள்ளவர்கள், விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், மறுக்கப்பட்டவர்கள் என மூன்று பட்டியல் எடுங்க.

✅ பயிர்ச் சேதம் ஆனா அன்னைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைங்க.

✅ மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. சங்கத்து வக்கீல் மூலம் மேல்முறையீடு போடுங்க.

✅ துப்பாக்கியைப் பூட்டி வையுங்க. பிள்ளைகள் கைக்கும், குடித்தவன் கைக்கும் போகக் கூடாது. ஒருத்தர் செய்ற தப்பு நூறு பேர் உரிமத்தைக் காவு வாங்கும்.

எங்க உழவர் அணியில்தான் சேரணும்னு நாங்க சொல்லல. கொடி எந்த நிறமா இருந்தாலும் சரி, சங்கம் ஒண்ணில் இருங்க. எங்க அணித் தோழர்கள் மனு எழுதிக் கொடுக்கவும், கூட வரவும் தயாரா இருக்காங்க. நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட்டவரா என்று யாரும் கேட்க மாட்டாங்க. பன்றி கட்சி பார்த்து வயலுக்குள் இறங்குறதில்லை. அதை விரட்டவும் கட்சி பார்க்க வேண்டாம்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்குத் தனியா போகாதீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூட்டிட்டு வாங்க.

உழவர் ஒற்றுமை ஓங்குக!

#சங்கமாய்ச்சேர்வோம் #பயிர்காப்போம்