ஹெப்பாள் பண்ணையிலிருந்து உரக்கடை வரை: விவசாயிக்கு ஆலோசனை சொல்வது யார்?

பெங்களூரு: வேளாண் விஞ்ஞானிகளைக் குழுக்களாகக் கிராமங்களுக்கு அனுப்பும் இயக்கம் ஒன்றை மத்திய அரசு 2025 மே 29 முதல் ஜூன் 12 வரை நாடு முழுவதும் நடத்தியது. ‘விக்சித் கிருஷி சங்கல்ப் அபியான்’ எனப் பெயரிடப்பட்ட அந்த இயக்கத்தின் வழியே ஒரு கோடிக்கும் மேற்பட்ட விவசாயிகளைச் சந்தித்ததாக அரசு தெரிவித்தது. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால், விஞ்ஞானி வயலுக்கு வருவது பதினைந்து நாள் இயக்கமாகவும் தலைப்புச் செய்தியாகவும் ஆகும் அளவுக்கு ஏன் அரிதானது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை. அதற்கான விடையின் பெரும்பகுதி பெங்களூருவின் ஹெப்பாளில் இருக்கிறது.

இன்று மேம்பாலத்துக்கும் வாகன நெரிசலுக்கும் பெயர்பெற்ற ஹெப்பாளில், 1899ஆம் ஆண்டு மைசூரு சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த மகாராணி கெம்ப நஞ்சம்மணி 30 ஏக்கர் நிலத்தைப் பயிர்ச் சோதனைப் பண்ணைக்காக வழங்கினார். வேளாண் வேதியியலாளர் லேமன் தலைமையில் அங்கு ஆய்வுப் பணி தொடங்கியது. எனினும் ஆய்வு கிராமத்தை எட்டியது, 1908இல் கனடாவிலிருந்து வந்த லெஸ்லி கோல்மனின் காலத்தில்தான்.

மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களை அப்போது ‘கொளெரோகா’ எனப்படும் காய் அழுகல் நோய் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சூறையாடிக்கொண்டிருந்தது. பாக்குக் குலைகளைப் புல்லால் மூடிக் கட்டுவதே விவசாயிகளுக்குத் தெரிந்த தற்காப்பு. கோல்மன் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ஆராய்ந்து 1910இல் முடிவுகளை வெளியிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை மழைக்கு முன்பே தெளிப்பது தீர்வு என்று கண்டதோடு அவர் நிற்கவில்லை. தோட்டங்களிலேயே தெளித்துக் காட்டும் ஏற்பாட்டையும் செய்தார். நூறாண்டு கடந்தும் பாக்கு விவசாயிகள் அந்தக் கலவையைக் கைவிடவில்லை.

1913இல் கோல்மன் மைசூரு வேளாண்துறையின் இயக்குநரானார். அதே ஆண்டில் ஹெப்பாளில் வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. கேழ்வரகு மேம்பாட்டுப் பணியும் அப்போது தொடங்கி, 1918இல் ‘எச் 22’ என்ற ரகம் வெளிவந்தது. ஆராய்ச்சி, கல்வி, கிராம ஆலோசனை ஆகிய மூன்றும் ஒரே துறையின் கீழ், ஒரே மேசையில் முடிவெடுக்கப்பட்ட காலம் அது. சமஸ்தானம் சிறியது, கோல்மனும் விதிவிலக்கான மனிதர் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால், விவசாயியிடமிருந்து வரும் கேள்வி ஆய்வகத்துக்குச் செல்வதற்கும் பதில் திரும்பி வருவதற்கும் இடையே அலுவலகச் சுவர் எதுவும் அன்று இருக்கவில்லை என்பதே இங்கு முக்கியம்.

சுவர் எழுந்தது பின்னர்தான். அதுவும் நல்ல நோக்கத்தோடு. ஹெப்பாளில் 1946இல் வேளாண் கல்லூரி உருவானது. விடுதலைக்குப் பின், அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு மாநில வேளாண் பல்கலைக்கழகங்களை அமைக்க இந்தியா முடிவு செய்தது. 1960இல் பந்த்நகரில் முதல் பல்கலைக்கழகம் பிறந்தது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தை 1964 ஆகஸ்ட் 21 அன்று அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் தொடங்கிவைத்தார். முதல் துணைவேந்தர் கே.சி. நாயக்.

அமெரிக்க முன்மாதிரியின் உயிர்நாடி, 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம். மாவட்ட அளவில் விவசாயிக்கு ஆலோசனை கூறும் அலுவலர்களை அது பல்கலைக்கழகத்தோடு பிணைத்தது. இந்தியாவில் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. கிராமந்தோறும் செல்லும் விரிவாக்கப் பணியாளர்கள் மாநில வேளாண்துறையிலேயே தங்கிவிட்டனர். பல்கலைக்கழகத்துக்கு எஞ்சியது பயிற்சி, வெளியீடுகள், ஆண்டுதோறும் கூட்டம் அலைமோதும் கிருஷி மேளா ஆகியவை. மூன்று கால் முக்காலியில் ஒரு காலை மட்டும் வேறு வீட்டில் விட்டுவந்ததைப் போன்ற ஏற்பாடு இது.

ஆராய்ச்சி சோடைபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ராகி’ லட்சுமணய்யா என்றே கர்நாடகம் அழைக்கும் விஞ்ஞானி, இந்திய, ஆப்பிரிக்கக் கேழ்வரகு இனங்களைக் கலந்து மண்டியாவில் உருவாக்கிய ‘இண்டாஃப்’ ரகங்கள் மாநிலத்தின் விளைச்சலை உயர்த்தின. பின்னர் வந்த ‘ஜி.பி.யு. 28’ குலைநோயைத் தாங்கி நின்று பரவலாயிற்று. விதை என்பது கைமாறிக் கைமாறித் தானே பயணம் செய்யும். உர அளவு, நோய் அறிகுறி, தெளிக்கும் நேரம் போன்ற அறிவு அப்படித் தானாகப் பயணம் செய்வதில்லை. அதற்கு ஆள் வேண்டும்.

1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் அந்த ஆளாக கிராம சேவகரை நியமித்தது. சுகாதாரம் முதல் சாலை வரை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கி ஆதரவுடன் வந்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை, குறித்த நாளில் குறித்த ஊருக்குப் பணியாளர் சென்றாக வேண்டும் என்ற ஒழுங்கைக் கொணர்ந்தது. நிதியுதவி முடிந்ததும் அந்த ஒழுங்கும் தளர்ந்தது. 2000ஆம் ஆண்டு கர்நாடக அரசு ஹோப்ளி அளவில் ‘ரைத சம்பர்க்க கேந்திரா’ என்னும் விவசாயத் தொடர்பு மையங்களைத் திறந்தது. விதை, கருவி, மானியம் ஆகியவற்றை வழங்குவதிலும் அதற்கான பதிவுகளிலுமே அங்குள்ள அலுவலர்களின் பருவம் கழிகிறது. இலையில் புள்ளி கண்ட விவசாயியுடன் வயலுக்கு நடக்க அவர்களுக்கு நேரம் எங்கே?

இதன் விளைவை 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு அப்பட்டமாகக் காட்டியது. நாட்டின் விவசாயக் குடும்பங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் எந்த வழியிலும் நவீனத் தொழில்நுட்பத் தகவலைப் பெறவில்லை. அரசு விரிவாக்கப் பணியாளரிடம் பெற்றவர்கள் 5.7 சதவீதம், உரம், பூச்சிமருந்து விற்பனையாளரிடம் பெற்றவர்கள் 13.1 சதவீதம். பின்னாளில் விவசாயிகளின் வருமானத்தை இரட்டிப்பாக்குவதற்கான அசோக் தல்வாய் குழு, 750 நிலக் கைப்பற்றுகளுக்கு ஒரு பணியாளர் என்ற பரிந்துரைக்கு எதிராக 1,162க்கு ஒருவரே இருப்பதாகக் கணக்கிட்டது.

காலியான நாற்காலியில் கடைக்காரர் அமர்ந்தார். அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. கடை காலையில் திறந்திருக்கிறது, கடன் கிடைக்கிறது, வாடிய செடியைக் கையில் எடுத்துச் சென்றால் அங்கேயே ஒரு பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் ஒரு புட்டியாக இருப்பதுதான் சிக்கல். ‘இந்த ஆண்டு மருந்து வேண்டாம், காத்திருங்கள்’ என்ற ஆலோசனையால் எந்தக் கடைக்கும் வருமானம் இல்லை. அரசும் இந்த யதார்த்தத்தை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தின் ‘மேனேஜ்’ நிறுவனம் 2003இல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் விற்பவரும் ஆலோசகரும் ஒருவரே என்ற முரண்பாட்டை எந்தப் பட்டயமும் நீக்காது.

2018இல் இதற்கொரு சோதனை வந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழுவை, மே மாதத்தில் சிவமொக்கா வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மக்காச்சோள வயல்களில் இந்தியாவிலேயே முதலாவதாகக் கண்டறிந்தனர். பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பும் விரைந்து எச்சரிக்கை வெளியிட்டது. ஆய்வகங்கள் தங்கள் கடமையைச் செய்தன. ஆயினும் புழு அதே ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்குப் பரவியது. முட்டைக் குவியலைக் கையால் நசுக்க வேண்டிய ஆரம்ப நாட்களில் அதை வயலில் நின்று காட்டிக்கொடுக்கப் போதிய ஆட்கள் இல்லை. புழு குருத்துக்குள் புகுந்த பிறகு தெளிக்கும் மருந்தின் பயன் குறைவு.

மாற்று வழி தெரியாததல்ல. 2009இல் இக்ரிசாட் நிறுவனத்துடன் கர்நாடகம் தொடங்கிய ‘பூசேதனா’ திட்டம், மண் மாதிரிகளைச் சோதித்து, துத்தநாகம், போரான், கந்தகம் ஆகியவற்றின் குறைபாட்டை ஊர்வாரியாகக் கண்டறிந்தது. உள்ளூர் விவசாயிகளையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974இல் புதுச்சேரியில் தொடங்கிய நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் இதே தத்துவத்தில் பிறந்ததே. அதன் வழிவந்த நிலையங்கள் இன்று 700க்கும் மேல். ஆனால் பெரும்பாலும் ஒரு மாவட்டத்துக்கு ஒன்று, அதில் சில விஞ்ஞானிகள் மட்டுமே.

இப்போது நம்பிக்கை கைபேசியின் பக்கம் திரும்பியுள்ளது. 2004இல் வந்த கிசான் அழைப்பு மையத்தைத் தொடர்ந்து, 2023இல் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியான ‘கிசான் இ-மித்ரா’ வந்தது. வானிலைக்கும் சந்தை விலைக்கும் மானிய நிலவரத்துக்கும் இவை உதவும். தவறான ஆலோசனையால் பயிர் கருகினால் பொறுப்பேற்பது யார் என்ற கேள்விக்கு இவற்றில் இடமில்லை. குறைந்தபட்சம் கடைக்காரரை மறுநாள் கடைக்குச் சென்று கேட்கலாம்.

கர்நாடக அரசு 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மண்டியாவில் ஒருங்கிணைந்த வேளாண் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்று அறிவித்தது. லட்சுமணய்யா பணியாற்றிய அதே பண்ணை வளாகம்தான் அதற்கான இடம். கட்டடங்களையும் பாடப்பிரிவுகளையும் பற்றிய விவாதங்கள் நடக்கும். அவற்றோடு, ஹோப்ளி மையத்தில் அமர்ந்திருக்கும் வேளாண் அலுவலரைப் பல்கலைக்கழகத்தோடு பிணைக்கும் ஒரு பிரிவும் சட்டத்தில் இடம்பெறுமா என்று கேட்க வேண்டியவர்கள் மாநிலத்தின் விவசாய அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும்தாம். 1964இல் அந்தக் கேள்விக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை.