இயற்கையின்மீது சுமத்தப்படும் பழி

மலையகத்தில் மண் சரியும் போதெல்லாம் 'இயற்கையின் சீற்றம்' என்னும் சொற்றொடர் பத்திரிகைகளிலும் அனுதாபச் செய்திகளிலும், ஏன், எமது விரிவுரை மண்டபங்களிலுங்கூடத் தவறாது ஒலிக்கின்றது. கேட்பதற்கு அடக்கமான சொல்தான். எனினும் குற்றவாளிகளை மறைக்க அதனினும் வசதியான திரை வேறில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. இஃது எவரும் எதிர்பாராத சம்பவமா? அன்று. அவ்விடம் அபாயகரமானது, மக்களை வேறிடத்தில் குடியேற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. "எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை" என்று அனர்த்தத்தின் பின்னர் அதிகாரத் தரப்பிலிருந்து குரல் எழுந்தது. இன்றும் கற்றோர் பலர் அதனையே திருப்பிச் சொல்கின்றனர்.

போவது எங்கே? லயத்துக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது வேலையோடு ஒட்டிய இருப்பிடம். மழைக்காலங்களில் சிங்களக் கிராமங்களும் சரிவுகளுக்கு இரையாகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் தன் நிலத்துக்கு உறுதி வைத்திருக்கும் கிராமத்தவர் அதைக் காட்டி மாற்று நிலம் கேட்கலாம். தோட்டத்தவர் எதைக் காட்டுவது? போவதற்கு ஓரடி நிலமும் இல்லாதவரிடம் 'வெளியேறு' என்பது எச்சரிக்கையாகாது. அது சொல்பவர் தம் கையைக் கழுவிக்கொள்ளும் உபாயம்.

மலையின் கதையையும் சற்று நோக்குவோம். முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெள்ளைத்துரைமார் மலைக்காட்டை வழித்தெடுத்தபோது, மண்ணைப் பிணித்து நின்ற ஆழவேர் மரங்கள் போயின. அதன்பின் சரிவில் இறங்கும் நீரைக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட கான்களே மலைக்குக் காவலாயின. கானைத் துப்புரவாக வைத்திருக்க ஆளும் கூலியும் வேண்டும். செலவைச் சுருக்க முனையும் நிருவாகத்துக்கு இது வீண்செலவாகவே தோன்றும். தூர்ந்த கானில் தேங்கும் நீர் மண்ணுள் இறங்கும், மண் கனக்கும், பாறைமீது அதற்கிருந்த பிடி தளரும். பின்னர் ஒரு பெருமழை போதும். இதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, கணக்குப் புத்தகத்தின் பங்கு எவ்வளவு? (ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் ஆசனத்தில் நின்று பனிமூட்டத்தைப் படம்பிடிக்கும் உல்லாசப் பயணியிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.)

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்ட எல்லைக்குள் செலவிடப்படுவதற்குத் தடையாயிருந்தது. தோட்டத்தவரின் வாக்குச் சபைக்கு வேண்டும்; தோட்டத்துப் பாதையும் பீலியும் வேண்டா! அது 2018இல்தான் திருத்தப்பட்டது. இப்புறக்கணிப்பு உடலிலும் எழுதப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மலை சரிவது ஒரு நாளில். இது நாள்தோறும் நிகழும் சரிவு. இதற்கு எவரும் அனுதாபச் செய்தி விடுப்பதில்லை.

மீரியபெத்தையில் உயிர்தப்பியோருக்கு 2016 ஒக்டோபரில் பூனாகலையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆகவே நிலம் இருந்தது. அதனை வழங்கவும் முடிந்தது. அதற்கு முன்னர் பிணங்கள் தேவைப்பட்டன என்பதே வெட்கம். 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பகுதியின் கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் சரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலில் பதுளை மாவட்டம் மீண்டும் தன் மக்களை மண்ணுக்குள் தேடியது.

1990களில் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்ட இத்தோட்ட நிலங்களின் உடைமை இன்றும் அரசிடமே உள்ளது. எனவே எவரிடமும் இரந்து நிற்கவேண்டிய நிலையில் அரசு இல்லை. அபாய வலயமென அடையாளமிடப்பட்ட ஒவ்வொரு லயத்துக்கும், வெளியேறுமாறு கூறும் அறிவித்தலோடு சேர்த்தே, பாதுகாப்பான இடத்தில் காணி உறுதியும் குடும்பத்தின் பெயரில் வழங்கப்படல் வேண்டும். மலையகத்து வரைபடங்களைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் எமது புவியியல் மாணவர்களும், அவர்தம் ஆசான்களும் இக்கோரிக்கையில் ஒப்பமிடத் தயாரா?