குரலுக்கு முகம் வைக்கும் முன்

புகழ்பெற்ற வானொலி நகைச்சுவை ஒன்று தொலைக்காட்சிக்கு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், எல்லோரும் முதலில் கேட்பது ‘யார் நடிக்கிறார்கள்?’ என்பதைத்தான். ‘யார் எழுதுகிறார்கள்?’ என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. காதுக்காக எழுதியதைக் கண்ணுக்காகத் திரும்ப எழுதியே ஆக வேண்டும். பழைய பிரதிக்கு ஒப்பனையும் அரங்கமும் மட்டும் சேர்த்து ஒளிபரப்புவது, அந்தப் படைப்புக்கும் அதை நேசித்த நேயர்களுக்கும் இழைக்கும் அநீதி.

பிரிட்டனில் ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் எழுதி, டோனி ஹான்காக் நடித்த ‘ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்’ 1954 நவம்பரில் பிபிசி வானொலியில் தொடங்கியது. 1958-இல் ஒலிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கதை என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்குப் பொழுது போகவில்லை. பெருமூச்சு விடுகிறார்கள், மணி என்ன என்று கேட்கிறார்கள், பிறகு பேச்சே இல்லை. வானொலியில் சில விநாடி சத்தம் நின்றாலே பெட்டியில் ஏதோ கோளாறு என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். அந்த மௌனத்தையே எழுத்தாளர்கள் இருவரும் சிரிப்பாக்கினார்கள். இதை அப்படியே படம்பிடித்தால் திரையில் தெரிவது சும்மா உட்கார்ந்திருக்கும் சிலர் மட்டுமே.

அந்த எழுத்தாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1956-இல் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது வானொலியின் வழக்கமான குரல் பட்டாளத்தை அவர்கள் முழுதாகக் கூட்டிவரவில்லை. நம்பியது ஹான்காக்கின் முகத்தை. 1961-இல் வந்த இரத்த தான அத்தியாயத்தைப் பாருங்கள். சோதனைக்காக விரலில் ஒரு சொட்டு எடுத்ததுமே தானம் முடிந்துவிட்டது என்று அவர் கிளம்பத் தயாராகிறார். எடுக்க வேண்டியது இன்னும் ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்கும் மேல் என்று மருத்துவர் சொன்னதும் அவர் முகம் மாறுகிறதே, அதை எந்த ஒலிபெருக்கியாலும் தர முடியாது. வானொலியில் எழுதிய அதே கைகள்தான் இதையும் எழுதின. ஊடகம் மாறியதும் எழுத்தும் மாறியது. வெற்றிக்குக் காரணம் இதுவே.

டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ இரண்டு விதமான பாடங்களையும் ஒரே தொடரில் தருகிறது. 1978 மார்ச்சில் வானொலியில் வந்த அந்த விண்வெளி நகைச்சுவையில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தலை. சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் மனத்தில் இரண்டாவது தலை முளைத்துவிடும், காசு செலவில்லை. 1981-இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது நடிகரின் தோளில் இயந்திரத் தலை ஒன்றைப் பொருத்தினார்கள். பெரும்பாலான நேரம் அது பொம்மைத் தலையாகவே தெரிந்தது. ஆனால், அதே தொடரில் வழிகாட்டி நூலின் பக்கங்களைக் காட்டும் காட்சிகளுக்கு, வானொலியில் ஒலித்த பீட்டர் ஜோன்ஸின் குரலையே வைத்துக்கொண்டு, கணினித் திரை போலத் தோன்றும் சித்திரங்களைக் கையால் வரைந்து ஓடவிட்டார்கள். இன்றும் பேசப்படுவது இதுதான். சொல்லைக் காட்ட முயன்ற இடத்தில் தோற்ற தொடர், சொல்லுக்குத் துணையாகப் புதிதாக ஒன்றைப் படைத்த இடத்தில் வென்றது.

நம் மொழியிலும் இதற்கு உதாரணம் உண்டு. இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடர்தான் 1976-இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாயிற்று. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்ற நால்வரும் தம் பேச்சு வழக்குகளாலேயே அடையாளம் பெற்றவர்கள். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீது, மரிக்காராகப் பேசியவர் ராமதாஸ். அந்தத் தீவின் பலவகைத் தமிழும் ஒரே ஒலிவாங்கியின் முன் கூடிச் சிரித்தன. இத்தகைய படைப்பை இனி ஒருவர் தொலைக்காட்சிக்கு எடுப்பாரானால், அந்தப் பேச்சு வழக்குகளைத் தேய்த்துப் பொதுத் தமிழாக்குவது அதன் உயிரையே எடுப்பதாகும்.

‘இவ்வளவு சிக்கல் என்றால் தொடாமலே விட்டுவிடலாமே’ என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாம் ஏற்கவில்லை. வானொலிப் பெட்டியே இல்லாத வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சிரிப்பு வேறு வழியில் போய்ச் சேர வேண்டும். எடுக்கட்டும்; முறையாக எடுக்கட்டும். மூல எழுத்தாளர் இருந்தால் அவரிடமே பிரதியைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய பெயருக்கும் குடும்பத்துக்கும் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டு, காட்சிமொழி தெரிந்த ஒருவரைப் புதிதாக எழுத வைக்க வேண்டும். நகைச்சுவை பலிக்காத இடங்களில் பின்னணிச் சிரிப்பொலியைக் கொட்டி நிரப்பக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூல ஒலிப்பதிவைக் காப்பாற்ற வேண்டும். ஹான்காக்கின் ஆரம்பகாலத் தொலைக்காட்சி அத்தியாயங்கள் பல இன்று இல்லை. வானொலி அத்தியாயங்களிலும் சில தொலைந்துவிட்டன. பிபிசி போன்ற பெரிய நிறுவனத்திலேயே இந்தக் கதி. ஒலிநாடா காலப்போக்கில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். தொடர் எடுக்கும் உரிமையை விற்கும் ஒவ்வொரு நிலையமும், அந்தத் தொகையில் ஒரு பங்கை மூலப் பதிவுகளை மின்னணு வடிவுக்கு மாற்றவும், அவற்றைப் பொதுமக்கள் கேட்கத் திறந்துவைக்கவும் ஒதுக்க வேண்டும். புதிய தொடர் நன்றாக அமையாவிட்டால் இன்னொருவர் மறுபடி எடுக்கலாம். அழிந்த ஒலிநாடாவை மறுபடி பதிவுசெய்ய யாராலும் முடியாது.