அவுட்டுக்காய் வேட்டையைத் தடுக்க வெடிமருந்து வரும் வழியை அடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
காட்டுயிர் நலச் சங்கம், மேட்டுப்பாளையம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்.

நகல்: மாவட்ட வன அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

பொருள்: அவுட்டுக்காய் வழக்குகளில் வெடிபொருள் சட்டத்தையும் சேர்த்து நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

சிறுமுகை, மேட்டுப்பாளையம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகங்களை ஒட்டிய நிலங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி பன்றியோடு நிற்பதில்லை. வெடிமருந்தையும் சிறு கற்களையும் நூலால் இறுகச் சுற்றி, மேலே கொழுப்பையோ பழத்தையோ பூசித் தடத்தில் போட்டுவிடுகிறார்கள். கடித்த மாத்திரத்தில் அது வெடிக்கிறது. அதைக் கடிக்கும் யானைக்கு உடனே உயிர் போவதில்லை. தாடை சிதறி, நாக்கு கிழிந்து, தீனி எடுக்க முடியாமல் பல நாள் பட்டினி கிடந்தே சாகிறது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடியால் வாய் சிதைந்த கருவுற்ற யானை வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்ததை நாடே பார்த்தது. கோயம்புத்தூர் மாவட்டமும் அந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை. மேயப் போன மாட்டுக்கும் தோட்டத்து நாய்க்கும்கூட இதே ஆபத்துதான்.

2022-இல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் யானையை முதல் அட்டவணையிலும் காட்டுப்பன்றியை இரண்டாம் அட்டவணையிலும் வைத்திருக்கிறது. சட்டத்தில் குறையில்லை, வழக்கு தொடங்கும் இடத்தில்தான் குறை. வனத்துறை விசாரணை பெரும்பாலும் சடலத்திலிருந்து தொடங்குகிறது. காயம்பட்ட யானை அதற்குள் வெகுதூரம் நடந்திருக்கும். எந்த நிலத்தில், யார் வைத்தது என்று நிறுவுவது கடினம். வெடிமருந்தோ காட்டில் விளைவதல்ல. ஒரு கிடங்கிலிருந்து கசிந்தோ பட்டாசைப் பிரித்தோதான் வந்தாக வேண்டும். 1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி, சந்தேகத்துக்குரிய சூழலில் வெடிபொருள் வைத்திருப்பதே பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விலங்கு சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சட்டப்படி நீதிமன்ற விசாரணை நடக்க மாவட்ட நடுவரான தங்கள் இசைவு தேவை என்பதாலேயே இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம்.

பன்றியால் நிலக்கடலையும் மக்காச்சோளமும் பாழாகும்போது விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. அந்த இழப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவுட்டுக்காய் பயிரைக் காக்கும் வேலியல்ல. இறைச்சிக்காக வேட்டையாடுவோரின் கருவியும் அதுவே. பயிர்ச்சேதத்துக்கு அரசே வழி வகுத்திருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுட 2025-இல் அரசாணை வெளியானது. அது முறையாக நடந்து, இழப்பீடும் காலத்தே கிடைத்தால், விவசாயியின் பெயரைச் சொல்லி வேட்டைக்காரர் ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

ஆகவே கோருவது:

1. அவுட்டுக்காய் பிடிபடும் ஒவ்வொரு வழக்கிலும் காவல்துறை வெடிபொருள் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிய வேண்டும். நீதிமன்ற விசாரணைக்கான இசைவு தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்.

2. கல்குவாரி வெடிமருந்துக் கிடங்குகள், பட்டாசுக் கடைகளின் இருப்புப் பதிவேடுகளை வருவாய், காவல், வனத்துறைகள் கூட்டாகத் தணிக்கை செய்ய வேண்டும்.

3. வன எல்லைக் கிராமங்களில் மோப்ப நாயுடன் கூட்டு ரோந்து நடத்த வேண்டும். தகவல் தருவோரின் பெயர் காக்கப்பட வேண்டும்.

4. பயிர்ச்சேத இழப்பீட்டு மனுக்களைக் காலவரம்புக்குள் தீர்க்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; மூன்று துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்தும் தங்கள் உத்தரவு ஒன்றே போதும். அதை விரைந்து பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர்.