கீச் சத்தத்துக்குப் பாட்டுச் சத்தம் மருந்தில்ல

கோயில் வேலையைத் தவிர வேறெதையும் இங்க நான் அதிகம் எழுதறதில்ல. இன்னைக்கு மின்சாரக் காடியோட சஸ்பென்ஷன் பத்தி எழுதறேன். நம்ம தொண்டர்கள் பலர் இப்ப இவி காடிக்கு மாறிட்டாங்க, அதனாலதான்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கிள்ளானுக்கு மூணு பாட்டிமாரை நான்தான் ஏத்திட்டுப் போவேன். ஒருநாள் ரோட்டு மேட்டுல ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'கீச்'னு சத்தம். "தம்பி, காடிக்குள்ள எலி குட்டி போட்டிருக்கா?"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். நான் பக்திப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிட்டேன். நாலு வாரம் இப்படியே ஓடுச்சு. அதுதான் நான் செஞ்ச தப்பு.

சர்விஸுக்குப் போனப்ப, "இவி காடி இப்படித்தான் அண்ணே, நார்மல்"னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை விடாப்பிடியா நின்னேன். காடியைத் தூக்கிப் பார்த்தாங்க. இடது பக்க மேல் கண்ட்ரோல் ஆர்ம் பால் ஜாயின்ட்டோட ரப்பர் உறை கிழிஞ்சிருந்தது. தண்ணி உள்ள போய், கிரீஸ் கழுவப்பட்டு, துரு ஏறியிருந்தது. வாரண்டியில மாத்திக் கொடுத்தாங்க.

என் கருத்து இதுதான்: சத்தம் ஒரு எச்சரிக்கை. அதை 'நார்மல்'னு சொல்றவங்க காடியைத் தூக்கிப் பார்த்துட்டுச் சொல்லணும்.

எல்லாக் கீச் சத்தமும் ஆபத்து இல்ல. ஸ்டெபிலைசர் பார் ரப்பர் காய்ஞ்சாலும் கத்தும். அது சின்ன வேலை. ஆனா பால் ஜாயின்ட் தேய்ஞ்சு கழண்டா சக்கரமே சாய்ஞ்சிடும். ஃபெடரல் நெடுஞ்சாலையில அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எது எதுன்னு ஓட்டற நமக்குத் தெரியாது.

இவி காடியில இது ஏன் அதிகமா தெரியுது? ஒண்ணு, எஞ்சின் இரைச்சல் இல்ல. பழைய காடியில அமுங்கிப்போற சத்தம் இதுல காதுல விழுது. இன்னொன்னு, எடை. நம்ம மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. பிஒய்டி ஆட்டோ 3 காடி 1,750 கிலோ. பேட்டரி எடையும் அந்த ரப்பர், ஜாயின்ட் மேலதான் விழுது. "இவி காடிக்குப் பராமரிப்பே கிடையாது"ன்னு சொல்றது பாதி உண்மை. எண்ணெய் மாத்த வேண்டாம், சரி. ரப்பர் தேயாதுன்னு யார் சொன்னது?

சஸ்பென்ஷன் குறை வெறும் சத்தப் பிரச்சினை இல்லன்னு காட்ட ஒரு சம்பவம். 2020 அக்டோபர்ல, முன் சஸ்பென்ஷன் பாகம் ஒன்னு விரிசல் விடலாம்னு சீனாவுல ஏறக்குறைய 30,000 டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் காடிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே விஷயத்தை அமெரிக்காவுல அந்த நிறுவனம் குறைபாடுன்னு ஒத்துக்கல. நம்ம நாட்டுல தனியார் காடிக்கு வருஷா வருஷம் கட்டாயச் சோதனை கிடையாது. பெயர் மாத்தும்போதுதான் புஸ்பாகோம் பக்கம் போறோம். ஆக, கவனிக்க வேண்டியது நாமதான்.

செய்ய வேண்டியது:

1. சத்தத்தை வீடியோ எடுங்க. மேட்டுலயா, ஸ்டியரிங் திருப்பும்போதா, மழைக்கு அப்புறம் அடங்கி மறுபடி வருதான்னு குறிச்சு வைங்க.

2. டபிள்யூடி-40 அடிச்சுச் சத்தத்தை அடக்காதீங்க. ரெண்டு நாள் அமைதியா இருக்கும், ஆனா இருக்கற கிரீஸையும் அது கரைச்சிடும். உண்மையான குறையும் மறைஞ்சிடும்.

3. தெரிஞ்ச போமன்கிட்ட போனா, ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தைக் கையேட்டுல காட்டுங்க. தரைக்கு அடியில பேட்டரி இருக்கு. தப்பான இடத்துல தூக்கினா செலவு பெருசு.

4. ஆர்ம் மாத்தினா அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்க.

5. "நார்மல்"னு சொன்னா, அதை ஜாப் ஷீட்ல எழுதிக் கேளுங்க. எழுதச் சொன்னாலே பல இடத்துல பேச்சு மாறிடும்.

அப்பவும் தட்டிக் கழிச்சா, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். வக்கீல் வேண்டாம். மூணு வருஷத்துக்குள்ள போகணும்.

தேர் இழுக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி சக்கரத்துக்குக் கிரீஸ் போடறோமே, ஏன்? சாமிக்குச் சத்தம் பிடிக்காதுன்னா? இல்ல. அச்சு முறிஞ்சா பக்கத்துல நிக்கற சனங்க மேலதான் விழும். நம்ம காடியில ஏர்றவங்களும் சனங்கதான்.

அந்தப் பாட்டி போன வாரம் ஏறினதும் முதல்ல கேட்டாங்க, "எலி போயிடுச்சா தம்பி?" போயிடுச்சு பாட்டி. ஆனா நாலு வாரம் உங்களை அதே காடியில கூட்டிட்டுப் போனேனே, அதை நினைச்சாதான் இன்னும் மனசு உறுத்துது.

உங்க காடியிலயும் சத்தம் வருதா? பாட்டை நிறுத்திட்டு முதல்ல அதைக் கேளுங்க.